கட்டிலுக்குக் காசு, காலுக்குச் செருப்பு

வாங்க சார், வாங்க. வெயில்ல நிக்காதிய, தார்சாவுல ஏறி உக்காருங்க. அந்த பெஞ்சுக்கு ஒரு கால் ஆட்டம். சர்க்கார் ஆளு உக்காந்தா இன்னுங் கொஞ்சம் ஆடும், அதனால சுவரோரமா வாங்க. ஏ பிள்ள, ஒரு செம்பு மோர் கொண்டா. உப்பு தூக்கலாப் போடு, சார் பைக்குல வந்திருக்காரு.

கையில ஃபைலா? சேப்பு நாடா வேற கட்டியிருக்கு. எனக்கு எழுபத்தெட்டு வயசாச்சு. சேப்பு நாடா கட்டுனது தானா அவுந்து நான் பாத்ததில்ல. சரி, வந்த சோலியச் சொல்லுங்க.

என்னது? திருப்பி ஒருக்கச் சொல்லுங்க. "நிறுவனப் பராமரிப்பிலிருந்து வெளியேறுவோருக்கான சமூக ஒருங்கிணைப்பு ஆதரவு நிதி முன்மொழிவு." யப்பா! மோரக் குடிச்சிட்டுச் சொல்லியிருக்கலாம்லா, தொண்டை காஞ்சிருக்குமே. எங்க ஊர்ல இதுக்கு ரெண்டே வார்த்தைதான்: "வீட்டுக்கு வாரான்."

உங்களுக்கு எந்த ஊரு? சேரன்மாதேவி பக்கமா? யாரு மகன்? அட, வாழைத்தார் ஏவாரம் பண்ணுனாரே, மூக்குப்பொடி டப்பாவ மடியில சொருகியிருப்பாரே, அவரு பேரனா! உங்க தாத்தாவும் நானும் மேலப்பாளையம் சந்தையில ஒரே மாட்டுக்கு ஒருத்தர ஒருத்தர் ஏத்தி வெல கேட்டு நின்னோம். நாங்க மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கையிலயே தரகன் மூணாவது ஆளுக்குத் தள்ளிட்டான். அப்போ இனி "சார்" கிடையாது, நீதான். பேரனுக்குச் சொல்லுத மாதிரிச் சொல்லுதேன். ஏத்துக்கிட்டா ஏத்துக்கோ, இல்லன்னா மோருக்குக் காசு வச்சிட்டுப் போ.

இந்த ஊர்க்காரர் ஒருத்தர் வடக்க ஒரு இல்லத்துல இருபத்தெட்டு வருசமா இருக்காரு, இப்போ தெளிவா இருக்காரு, வெளிய போலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவரக் கொண்டாந்து விட என்ன செலவாகும், ஊரு ஏத்துக்கிடுமான்னு விசாரிக்க வந்திருக்க. அவ்வளவுதான? பேரச் சொல்லாத. ஃபைலத் தொறக்காத, காத்துல தாள் பறக்கும். பேரு பெறவு. முதல்ல பணத்தப் பேசுவோம். பணம்னா ஊரு காது குடுக்கும், ஆளுன்னா ஊருக்குக் காது கேக்காது.

நீ சின்னப் பிள்ள, செலவு பண்ணத் தெரியாம முழிக்க. நான் ரெண்டு தடவ வார்டு மெம்பரா இருந்தவன், சொல்லுதேன் கேளு.

முதல் வேலையா ஒரு ஆர்ச் கட்டு. பஸ்ஸுல போறவனுக்குத் தெரியணும். அதுல "மறுவாழ்வு"ன்னு எழுது. ஆளு உள்ள கெடந்தாலும் எழுத்தாவது ரோட்டப் பாத்து இருக்கும்லா. அடுத்து காம்பவுண்டுச் சுவர். வெளிய அனுப்ப வந்த பணத்துல சுவர் கட்டுனா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. ஆடிட்டுக்காரனுக்குச் சுவர்னா உசுரு. அளந்து பாக்கலாம், தட்டிப் பாக்கலாம். ஒரு மனுசன் டீக்கடையில போயி உக்காந்து "சீனி கம்மியா ஒரு டீ"ன்னு கேட்டத எந்த டேப்ப வச்சு அளக்க?

பெறவு ஒரு வேன் வாங்கு. ரெண்டு பக்கமும் பெரிய எழுத்துல "மனநோயாளிகள் மீட்பு வாகனம்"னு ஒட்டு. அந்த வேன்ல ஆளக் கொண்டாந்து தெருமுக்குல இறக்குனா, அவன் எங்க இருந்து வாரான்னு ஒரு நிமிசத்துல ஊருக்கே தெரிஞ்சிரும். தண்டோரா செலவு மிச்சம். அப்புறம் திருநெல்வேலியில ஏசி ஓட்டலாப் பாத்து ஒரு கருத்தரங்கு. பேச எல்லாரையும் கூப்பிடு, வீட்டுக்குப் போகப்போறவன மட்டும் கூப்பிட்டுராத. அவன் மைக்கப் பிடிச்சு "எனக்கு ஒரு ரூமும் சாவியும் குடுங்க"ன்னு கேட்டுட்டான்னா, அன்னைக்கு மத்தியானச் சாப்பாடு யாருக்கும் எறங்காது. இது எல்லாத்தையும் மார்ச் 31க்குள்ள முடிச்சிரணும். மனுசன் தேறது ஆடியிலயா தையிலயான்னு கஜானாவுக்குக் கவல இல்ல. பங்குனி பாதி போனா பணத்துக்குச் சாவு.

என்ன எழுதுத? ஏ மூதி, கேலிக்குச் சொல்லுதேன், நெசமாவே எழுதிட்டியே! பாத்தியா, உங்க ஆபீஸ் நடைமுறைக்கும் என் கேலிக்கும் உனக்கே வித்தியாசம் தெரியல.

இது நேத்து வந்த வியாதி இல்ல. என் பேத்தி மெட்ராஸ்ல எம்.எஸ்.டபிள்யூ. படிக்கா. லீவுக்கு வந்தா புஸ்தகத்த என் தலைமாட்டுல போட்டுட்டுப் போயிருவா. கண்ணாடி போட்டா எனக்கு இன்னும் எழுத்து நல்லாத் தெரியும். 1794ல மெட்ராஸ்ல வாலண்டைன் கொனோலின்னு ஒரு வெள்ளக்கார டாக்டர் பைத்தியக்கார விடுதி ஒண்ணு தொறந்திருக்கான். கட்டடம் அவனுது, காசு கம்பெனியுது. அது கை மாறிக் கை மாறி வந்து, 1871ல கீழ்ப்பாக்கத்துல சர்க்கார் ஆஸ்பத்திரியா உக்காந்துது. பேரும் நாலஞ்சு தடவ மாறிட்டு. அந்தக் காலத்துல இருந்து மாறாதது ஒண்ணுதான், காசு கட்டடத்துப் பேருக்குத்தான் வரும். சம்பளம், அரிசி, கரண்டு பில்லு, வெள்ளையடிப்பு. ஆளு வெளிய கிளம்புனா அவன் பங்குக் காசும் கூடக் கிளம்புமா? கிளம்பாது. அது கட்டில்லயே காலை நீட்டிப் படுத்துக்கிடும். ஆளு மட்டும் பஸ் ஸ்டாண்டுல நிப்பான்.

கீழ்ப்பாக்கம்னதும் நீ சிரிச்ச, பாத்தேன். நாங்களும் அப்படித்தான். சினிமாவுல ஒருத்தன் இன்னொருத்தன "கீழ்ப்பாக்கம் கேசு"ன்னா கொட்டகையே சிரிக்கும். கடைக்குப் போயி புளி வாங்க மறந்துட்டு வந்தா என் பொஞ்சாதியும் என்ன அப்படித்தான் ஏசுவா. அது ஒரு ஊர்ப் பேருய்யா. அங்க ஆளுக குடியிருக்காங்க, பிள்ளைக பள்ளிக்கூடம் போவுது. ஊர்ப் பேரையே வசவாக்கி வச்சிருக்க நாமதான், அங்க இருந்து வாரவன ஏத்துக்கிடணுமாம். அதே ஆஸ்பத்திரியில 2019 நாடாளுமன்றத் தேர்தலுக்கு வளாகத்துக்குள்ளயே பூத்து வச்சு, நூத்தம்பது பேருக்குப் பக்கமா வரிசையில நின்னு விரல்ல மை வச்சிருக்காங்க. நாட்ட ஆளப்போறவனத் தேர்ந்தெடுக்க லாயக்கு உண்டு, ஒரு வாடகை வீட்டுல இருந்து ரசம் வைக்க லாயக்கு இல்லியோ?

சட்டம் இல்லாமலும் இல்ல. 2017ல மனநலப் பராமரிப்புச் சட்டம்னு போட்டாங்க, 2018 மே மாசம் நடைமுறைக்கு வந்துது. அதுல 19ஆவது பிரிவ பேத்தி கோடு போட்டு வச்சிருந்தா. குடும்பம் இல்ல, குடும்பம் சேத்துக்கிட மாட்டேங்கு, வீடு இல்ல, ஊருக்குள்ள வசதி இல்ல, இந்த மாதிரிக் காரணத்துக்காக மட்டும் ஒருத்தர ஆஸ்பத்திரியில நிறுத்தி வைக்கக் கூடாதாம். அவங்க தங்கிக்கிட ஊருக்குள்ள இடைநிலை வீடு, கூட்டு வீடுன்னு ஏற்பாடு பண்ணுதது சர்க்கார் பொறுப்பாம். குடும்ப வீட்டுல இருக்கதுக்கு அவனுக்கும் உரிமை உண்டு, அதக் கேட்டு வாங்க சட்ட உதவியும் சர்க்கார்தான் செய்யணும்னு இன்னொரு வரி இருந்துது. அத மட்டும் கொஞ்சம் வேகமாத் தாண்டிட்டேன். அன்னைக்கு என்னமோ கண்ணு வலி.

சட்டம் வந்ததும் எல்லாரும் மூட்டையக் கட்டிட்டாங்களா? நாடு பூரா 43 அரசு மனநல ஆஸ்பத்திரிகளப் பாத்து 2019ல ஒரு அறிக்கை வந்துது. உள்ள இருந்தவங்கள்ல நூத்துக்கு 36 பேரு ஒரு வருசத்துக்கு மேல இருந்திருக்காங்க. காச்சல் விட்டவன வருசக்கணக்கா ஆஸ்பத்திரியில வச்சிருப்பமா? இவங்கள வச்சிருக்கோம். மருந்து வேலை செஞ்சிட்டு, மச்சான் வேலை செய்யல. அண்ணன் வேலை செய்யல.

பணத்துக்கு வாரேன். 2023-24 மத்திய பட்ஜெட்டுல மனநலத்துக்குன்னு ஒதுக்குனதப் பேத்தி படிச்சுக் காட்டுனா. பெங்களூர் நிம்ஹான்ஸுக்கு 721 கோடி. அசாம்ல தேஜ்பூர் ஆஸ்பத்திரிக்கு 64 கோடி. போன் போட்டா ஆலோசனை சொல்லுத டெலி மானஸுக்கு 134 கோடி. நல்ல காரியந்தான், குத்தம் சொல்லல. நிம்ஹான்ஸ் இல்லன்னா நாடு தவிச்சிரும். "அது சரி தாயி, வீட்டுக்குப் போறவன் செலவுக்குன்னு தனியா ஒரு வரி உண்டா?"ன்னு கேட்டேன். விரல வச்சுத் தேடுனா. கண்ணுல படல. மாவட்ட மனநலத் திட்டம் ஒண்ணு உண்டு, 1996ல நம்ம திருச்சியையும் சேத்து நாலு மாவட்டத்துல தொடங்குனது. அது தேசிய சுகாதார இயக்கங்கிற பெரிய மூட்டைக்குள்ள கெடக்கு. மூட்டைக்குள்ள கெடக்க மல்லிப் பொட்டலத்த ரசம் கொதிக்கையில தேட முடியுமாய்யா?

"அப்போ ஆஸ்பத்திரிய எல்லாம் இழுத்து மூடிருவமா தாத்தா"ங்கியா? அவசரப்படாத. அமெரிக்காக்காரன் அதைச் செஞ்சு பாத்துட்டான். 1955ல அங்க மாகாண மனநல ஆஸ்பத்திரிகள்ல அஞ்சரை லட்சம் பேருக்கு மேல இருந்திருக்காங்க. 1963ல கென்னடி சட்டம் போட்டாரு, ஊருக்கு ஊரு மையம் கட்டி அங்க பாத்துக்கிடுவோம்னு. 1,500 மையம்னு பேச்சு, வந்தது பாதிதான். ஆஸ்பத்திரிய மட்டும் சுறுசுறுப்பாக் காலி பண்ணிட்டான். தொழுவத்த இடிச்சவன் மேய்ச்சக்காடு வாங்கல. எத்தனையோ பேரு பிளாட்பாரத்துலயும் ஜெயில்லயும் போயி முடிஞ்சாங்க.

பெறவு புத்தி வந்து 2005ல ஒரு சட்டம் போட்டான். அந்தத் திட்டத்துக்குப் பேரே "பணம் ஆளுக்குப் பின்னால போகும்"னு வரும். நர்சிங் ஹோம், ஆஸ்பத்திரின்னு இருக்க வயசாளியோ மாற்றுத்திறனாளியோ வெளிய வந்து வீடெடுத்துத் தங்குனா, அவருக்கு ஆகுத செலவுல மத்திய சர்க்கார் ஒரு வருசத்துக்குக் கூடுதல் பங்கு போடும். வீட்டு அட்வான்ஸு, சட்டி பானைக்குக்கூட அதுல வழி உண்டு. லட்சம் பேருக்கு மேல அப்படி வெளிய வந்துட்டாங்க. பணத்துக்கும் காலு உண்டுய்யா, நாமதான் அதக் கட்டில் காலோட சேத்துக் கட்டிப்போட்டிருக்கோம்.

ஒரு குதிரைக் கதை சொல்லுதேன், உனக்குப் பிடிக்கும். இத்தாலியில திரியெஸ்தேன்னு ஒரு ஊரு. 1971ல பிராங்கோ பசாலியான்னு ஒரு டாக்டர் அங்கயிருந்த மனநல ஆஸ்பத்திரிக்குப் பெரிய டாக்டரா வந்தாரு. உள்ள ஆயிரத்து இருநூறு பேரு. அந்த ஆஸ்பத்திரியில அழுக்குத் துணி வண்டி இழுக்க ஒரு கெழட்டுக் குதிரை இருந்துச்சாம், பேரு மார்க்கோ. மனுசனுக்கு இல்லாத ஒரு வசதி அந்தக் குதிரைக்கு இருந்துது, தினமும் வாசலத் தாண்டிப் போயிட்டு வந்திரும். 1973ல நோயாளிகளும் டாக்டர்களும் ஓவியக்காரங்களும் சேந்து அது ஞாபகமா மரத்துலயும் காகிதக் கூழுலயும் பெரிய நீலக் குதிரை செஞ்சாங்க. நம்ம அய்யனார் கோயில் மண்குதிரை மாதிரின்னு வச்சுக்கோயேன். ஊர்வலமாக் கொண்டு போகலாம்னு பாத்தா, வாசல்ல குதிரை நுழையல. குதிரையச் சின்னதாக்கல, வாசல ஒடைச்சுட்டாங்க. நாம என்ன செய்யுதோம்? வாசல் அப்படியே இருக்கும், மனுசன் அதுக்குத் தக்கன குனியணும். 1978ல அந்த நாட்டுல இனி மனநல ஆஸ்பத்திரியில புதுசா ஆளச் சேக்கவும் கூடாது, புது ஆஸ்பத்திரி கட்டவும் கூடாதுன்னு சட்டம் வந்துது. திரியெஸ்தேயில ஒடைச்சதோட விடல, பாத்துக்கோ. ஊருக்குள்ள ராத்திரியும் தொறந்திருக்கிற மையம், தங்க வீடு, அவங்களே கூட்டுறவு சங்கம் வச்சுச் சம்பளத்துக்கு வேலை. ஆஸ்பத்திரியில இருந்த டாக்டரும் நர்சும் பணமும் ஆளு பின்னாலயே தெருவுக்கு வந்துட்டு.

"ஆஸ்பத்திரியும் வேண்டாம், வீடும் வேண்டாம், சாமிகிட்ட விட்டுருவோம்"னு சொல்லுத கூட்டமும் நம்ம பக்கம் உண்டு. குணசீலத்துல விட்டாங்க, ஏர்வாடியில விட்டாங்க. சாமியையும் தர்காவையும் நான் குத்தம் சொல்ல மாட்டேன், அது மனசு ஆறுத எடம். ஆனா சுத்தி ஓலைக்கொட்டகை போட்டு, மாசக்காசு வாங்கி, காலச் சங்கிலியில கட்டினவன் சாமி இல்ல. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியக்காலம் ஏர்வாடியில ஒரு கொட்டகை தீப்பிடிச்சு 28 பேரு செத்தாங்க. சங்கிலி கெடந்த காலு ஓடவா முடியும்? அன்னைக்கு ரேடியோவுல சேதி கேட்டு இந்தத் தார்சாவுலதான் உக்காந்திருந்தேன். மத்தியானம் சோறு எறங்கல. ஏன்னு பொஞ்சாதி கேட்டா. சூடு ஒத்துக்கிடலன்னேன்.

மோர் இன்னுங் கொஞ்சம் விடட்டுமா?

சரி, இப்போ பேனாவ எடு. இது கேலி இல்ல. ஒரு ஆளு திரும்பி வர என்ன செலவு? வீட்டு அட்வான்ஸு. ஒரு கேஸ் அடுப்பு, குக்கர் வேண்டாம், சத்தம் போட்டா ஆரம்பத்துல பயப்படுவான். பாய், தலவாணி, ரெண்டு சாரம், ரெண்டு சட்டை, அவன் பிடிச்ச கலர்ல. வருசக்கணக்கா எல்லாருக்கும் ஒரே கலர் துணி போட்டுப் பழகினவன்கிட்ட "என்ன கலர் வேணும்?"னு கேளு, பதில் சொல்ல அரை நாள் ஆகும். அந்த அரை நாள் சம்பளத்தையும் திட்டத்துல எழுது. கண்ணாடி, பல் டாக்டர். பூட்டும் சாவியும், சாவி அவன் இடுப்புல. செருப்ப மறந்துராத. சிமிண்டுத் தரையில வெறுங்காலோட திரிஞ்சவன், நம்ம ஊரு முள்ளு தாங்க மாட்டான். மாசாமாசம் மாத்திர, ஊருக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியிலயே கெடைக்கணும். ஒரு பாக்கெட் மாத்திரைக்கு ரெண்டு பஸ் மாறிப் போகச் சொன்னா மூணாம் மாசம் நிறுத்திருவான். காலையில ஒரு கருப்பட்டிக் காப்பி, அதுவும் சுக்குத் தட்டிப் போட்டது, இல்லன்னா முகத்தத் தூக்கி வச்சிக்கிடுவான்.

என்ன அப்படிப் பாக்க? எனக்கு எப்படித் தெரியுமா? பொதுவாச் சொன்னேன்யா. இந்த ஊர்ல எல்லாரும் கருப்பட்டிக் காப்பிதான்.

அப்புறம் காயிதம். ஆதார், ரேசன் கார்டு, பேங்கு கணக்கு. இல்லத்து விலாசத்துல இருக்க ஆதார இங்க மாத்த வாடகைச் சீட்டு கேப்பான், வாடகை பிடிக்க ஆதார் கேப்பான். இந்தச் சுத்துல நல்லா இருக்க எனக்கே கிறுகிறுக்கு. உதவித்தொகைக்கு ஊனச் சான்று வேணும், அதுக்கு 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி 40 சதவீதம் இருக்கணும். பள்ளிக்கூடத்துல பாஸ் மார்க்கு 35தான், இங்க 40. தேறி வந்தவன் நல்லா இருக்கேன்னு காட்டவும் செய்யணும், நல்லா இல்லன்னு ரொப்பவும் செய்யணும். ஒரே மனுசன் காலையில டாக்டருக்கு ஒரு மொகம், சாயந்திரம் தாசில்தாருக்கு ஒரு மொகம். நடிகர் திலகத்தாலயும் முடியாது.

ஆனா இதெல்லாம் சாமான்யா. சாமான் வாங்கிட்டுத் திட்டம் முடிஞ்சுதுன்னு எழுதிராத. பெரிய செலவு ஒரு ஆளு. தினமும் கதவத் தட்டி "சாப்பிட்டாச்சா, மாத்திர போட்டாச்சா, ஏன் இன்னைக்கு மொகம் ஒரு மாதிரி இருக்கு?"ன்னு கேக்கதுக்கு ஒரு மனுசி. மெட்ராஸ்ல 1993ல ரெண்டு பொம்பளப் பிள்ளைக, வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும், தெருவுல திரிஞ்ச பொம்பளைகளுக்காக "தி பேன்யன்"னு ஆரம்பிச்சாங்கள்லா, அவங்க 2015ல இருந்து "ஹோம் அகெய்ன்"னு ஒண்ணு நடத்துதாங்க. வருசக்கணக்கா ஆஸ்பத்திரியிலயும் விடுதியிலயும் கெடந்தவங்க நாலஞ்சு பேரா சேந்து, சாதாரணத் தெருவுல சாதாரண வாடகை வீட்டுல இருப்பாங்க. போர்டு கிடையாது. கூடமாட இருக்கதுக்கு அந்தப் பக்கத்துப் பொம்பளைகளையே சம்பளத்துக்கு வச்சிருக்காங்க. 2021ல உலக சுகாதார நிறுவனம் நல்ல மாதிரிகள்னு ஊர் உலகத்துக்குக் காட்டுனதுல அதுவும் ஒண்ணு. உலகமே ஒத்துக்கிட்டுது, நம்ம ஊரு வீட்டுக்காரன்தான் "மரக்கறியா, அசைவமா?"ன்னு கேட்டதோட "எங்க இருந்து வாரிய?"ன்னு ரெண்டு தடவ கேப்பான்.

அந்த மனுசிக்குச் சம்பளம் எத்தன வருசம்னு கேப்பாங்க உங்க ஆபீஸ்ல. "முதல் மூணு மாசம் தொடர் கண்காணிப்பு"ன்னு எழுதுவிய. நீ வாழைக்காரர் பேரன், நாத்துநட்டுப் பாத்திருக்க மாட்ட. நாத்தங்கால்ல நல்லாப் பச்சைப்பசேல்னு நிக்குத நாத்தப் பறிச்சு வயல்ல நட்டா, மறுநாளே மஞ்சளடிச்சுத் தொங்கும். புதுசா வெள்ளாமை பாக்கவன் பதறிருவான், "நாத்து செத்துட்டு, திரும்ப நாத்தங்காலுக்கே கொண்டு போ"ம்பான். விவரந்தெரிஞ்சவன் தண்ணி காட்டிட்டுப் பேசாம இருப்பான். ஏழெட்டு நாள்ல வேர் பிடிச்சு பச்சை கட்டும். மனுசனுக்கு ஏழெட்டு நாளு பத்தாது, ஏழெட்டு மாசமும் பத்தாம இருக்கலாம். நடுவுல ஒரு தடவ வாடுவான், ராத்திரி தூங்க மாட்டான், நாலு நாளு ஆஸ்பத்திரியில இருந்துட்டு வர வேண்டி வரும். அத "திட்டம் தோல்வி"ன்னு எழுதாத. வாடுன பயிருக்குத்தான் தண்ணி. பச்சை கட்டுனதுக்குத் தண்ணி விட எல்லாரும் வருவான்.

ஊரு ஏத்துக்கிடுமான்னு கேட்டல்ல? ஒருங்கிணைப்புக்கு உங்க ஃபைல்ல என்ன அளவுகோல் வச்சிருக்கிய? "விழிப்புணர்வு முகாம் எண்ணிக்கை"யா? நான் ஒரு அளவுகோல் தாரேன். எங்க ஊர் அம்மன் கோயில் கொடைக்குத் தலைக்கட்டு வரி உண்டு. ஊர்க்காரன் ஒவ்வொருத்தன் வீட்டுக்கும் நோட்டத் தூக்கிட்டுப் போயி வரி கேப்பாங்க. தர்றதுக்கு வழியில்லாதவன்கிட்டயும் கேப்பாங்க, கேக்காம விட்டா அது அவமானம். திரும்பி வந்தவனுக்கு எல்லாரும் குடுக்கத்தான் வருவாங்க. பழைய சட்ட குடுப்பான், மிச்சச் சோறு குடுப்பான், புத்தி சொல்லிக் குடுப்பான். குடுத்துக் குடுத்து அவன வெளியூர்க்காரனாவே வச்சிருப்பாங்க. என்னைக்கு நோட்டுக்காரன் அவன் வாசல்ல நின்னு "வே, கொடைக்கு உம்ம வரி பாக்கி"ன்னு அதட்டுதானோ, அன்னைக்கு உன் ஃபைல மூடு. அதனால செலவுக் கணக்குல கொடை வரின்னு ஒரு வரி சேத்துக்கோ. மேலதிகாரி சுத்திக் கேள்விக்குறி போட்டா என்கிட்ட அனுப்பு.

என்னய்யா, பேனாவ மூடிட்ட? ஃபைலத் தொறந்துட்டியே. நான்தான் வேண்டாம்னேன்லா. படிக்காத, பேரு எனக்குத் தெரியும். அப்பா பேரும் தெரியும். அது என் அப்பா பேருதான்.

தம்பி. கூடப் பொறந்தவன்.

நீ பைக்க நிறுத்துகையிலயே தெரிஞ்சிட்டு. உங்க ஆபீஸ்ல இருந்து ஒரு தபால் ஏற்கெனவே வந்துது, பீரோவுல துணிக்கு அடியில இருக்கு. காது கேக்காத ஊருன்னு சொன்னேன்லா, அந்த ஊருக்கு வீட்டு நம்பர் இதுதான். ராத்திரி எந்திரிச்சு வரப்புல நடப்பான், யாரோ கூப்பிடுதாங்கம்பான். கொண்டு போயி விட்டோம். முதல் வருசம் ரெண்டு தடவ போயிப் பாத்தேன். பெறவு நடவுன்னேன், அறுப்புன்னேன். எங்க ஆத்தா சாகுத வரைக்கும் "சின்னவன் எப்ப வாரான்?"னு கேட்டா, கொடைக்கு வருவான்னேன். எத்தன கொடை போயிட்டு.

வாய்க்கால் ஓரமா ஒரு கோட்டை வெதப்பாடு வயல் இருக்கு, அப்பா பேர்ல. ரெண்டு மகன், பாதி பாதி. இருபத்தெட்டு வருசமா காரும் பிசானமும் நான்தான் அறுக்கேன். காசு கட்டில்லயே படுத்துக்கிட்டுன்னு சர்க்காரக் கேலி பண்ணுனேன்லா, அவன் பங்கு நெல்லு என் குதிருலதான்யா படுத்திருக்கு. 19ஆம் பிரிவுல அந்த வரி வந்ததும் கண்ணு வலிச்சது இதுக்குத்தான்.

அழுவேன்னு பாக்காத, நான் அவ்வளவு நல்லவன் இல்ல. பழைய பாக்கி முழுசும் தாரேன்னு சொல்ல மாட்டேன், தவணை போட்டுத்தான். வாற பிசானத்துல இருந்து அவன் பாதி அவனுக்கு, எழுதிக் குடுக்கேன். என் கூட வச்சுக்கிட்டா ரெண்டாம் நாளே அதிகாரம் பண்ணுவேன், அண்ணன் புத்தி. கீழத்தெருவுல ஒரு ஓட்டு வீடு காலியா இருக்கு, அத வாடகைக்குப் பிடி. அண்ணன் திருந்திட்டான், இனி குடும்பம் பாத்துக்கிடும்னு எழுதி சர்க்கார் கையக் கழுவிராத. குடும்பம் எப்படிப் பாத்துச்சுன்னு இப்பத்தான கேட்ட. நான் இன்னும் எத்தன பிசானம் பாப்பேன்? கதவத் தட்டுத அந்த மனுசிக்கு மாசச் சம்பளம் சர்க்கார்தான் குடுக்கணும், நான் செத்த பெறகும் குடுக்கணும்.

கூட்டிட்டு வரும்போது அந்த வேன் வேண்டாம். பஸ்ஸுல கூட்டிட்டு வா, சன்னலோரமா உக்கார வச்சு. தாமிரவருணிப் பாலம் வருகையில முழிச்சிருக்கச் சொல்லு.

செருப்பு வாங்கிரு. அளவு தெரியாதா? இந்தா, என் காலை அளந்துக்கோ. ரெண்டு பேருக்கும் ஒரே அளவு. சின்னதுல எங்களுக்குச் சேத்து ஒரு சோடிதான் அப்பா வாங்கித் தந்தாரு. யாரு முந்துதானோ அவன் போட்டுக்கிட வேண்டியது. அநேகமா நான்தான் முந்துவேன்.